பவர் பட்டனை அமுக்குவதற்கு முன்னால்

இந்த மாதமும் அதே டிக்கெட்தான் வந்திருக்கிறது. "லினக்ஸ் சர்வர் ராத்திரி அப்படியே நின்றுவிட்டது. ஆஃப் செய்து ஆன் செய்தோம், நன்றாக ஓடுகிறது. காரணம் மட்டும் சொல்லுங்கள்." எதை வைத்துச் சொல்வது?

"லாக் இருக்குமே சார்!" என்பார்கள். இருக்காது. கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) தன் செய்திகளை முதலில் எழுதுவது ரேமில் உள்ள ரிங் பஃபரில், அதாவது நிறைந்ததும் பழையதன் மேல் புதியதை எழுதும் இடத்தில். கெர்னலுக்குள் எது எப்போது ஓடியது என்று குறிக்கும் எஃப்டிரேஸ் பதிவும் (டிரேஸ்) அப்படித்தான். பார்க்கக் கோப்பு மாதிரி தெரிந்தாலும் டிஸ்கில் ஒரு பைட்கூட இல்லை. லாகை டிஸ்கில் சேர்ப்பது ஜர்னல்டி போன்ற ஒரு சாதாரண புரோகிராம். கெர்னலே கவிழ்ந்தபின் அதை யார் ஓட்டுவது? கெர்னலே நேராக எழுதட்டுமே என்றால், பேனிக் ஆன (மீள முடியாத பிழையில் நின்றுபோன) கெர்னலை ஃபைல் சிஸ்டத்தில் கை வைக்க விட்டால் நல்ல டேட்டாவும் சேர்ந்து கெடும். அதனால்தான் உங்கள் லாகில் கடைசி வரி எப்போதும் சாதுவாக இருக்கிறது. சில சர்வர்களில் ஜர்னல்டி வைக்கும் லாகே ரேமில்தான். ரீபூட் ஆனால் பழையது மொத்தமும் போச்சு.

வழி இல்லாமல் இல்லை. கவிழும்போது வரும் செய்திகளைக் காத்துவைக்கும் கெர்னல் வசதி பிஸ்டோர். அதன் ரேம்ஊப்ஸ், ரேமில் ஒரு பகுதியை ஒதுக்கி வைத்துக்கொண்டு கடைசிச் செய்திகளை அதில் எழுதும். டிரேஸ் முழுக்க வேண்டுமென்றால், புதிய கெர்னல்களில் பூட் வரியில் (கெர்னலுக்குத் தொடக்கத்தில் தரும் அமைப்புகள்) ரிசர்வ்_மெம் கொடுத்து ரேமில் ஒரு பகுதியை ஒதுக்கி, டிரேஸ்_இன்ஸ்டன்ஸை (டிரேஸ் பதிவாகும் தனி பஃபர்) அந்தப் பகுதியோடு இணைக்கலாம். ஆனால் கேஏஎஸ்எல்ஆர் (பாதுகாப்புக்காக ஒவ்வொரு பூட்டிலும் கெர்னலின் இடத்தை மாற்றும் வசதி) குறுக்கிட்டால் அடுத்த பூட்டில் அதே இடம் கிடைக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. இரண்டுமே வார்ம் ரீபூட்டை, அதாவது மின்சாரம் போகாமல் நடக்கும் ரீபூட்டை, நம்பியவை. மின்சாரத்தை வெட்டினால் எல்லாம் போய்விடும். ஈசிசி ரேம் (பிழை திருத்தும் ரேம்) உள்ள சர்வர்களில் பயாஸே (மெஷின் ஆன் ஆனதும் முதலில் ஓடும் மென்பொருள்) பூட்டின்போது ரேமைத் துடைத்துவிடுவதும் உண்டு. அங்கே கேடம்ப் வையுங்கள். கெர்னல் கவிழ்ந்ததும் அது பயாஸ் பக்கம் போகாமலே இரண்டாவது கெர்னலை ஏற்றிவிடும். அது பழைய கெர்னலின் ரேமைப் படியெடுத்துத் தரும் விஎம்கோர் கோப்பிலிருந்து டிரேஸையும் எடுக்கலாம்.

கெர்னல்.பேனிக் என்ற அமைப்பு பூஜ்யமாகவே இருந்தால், பேனிக் ஆன மெஷின் தானாக ரீபூட் ஆகாது, அப்படியே நிற்கும். பார்ப்பவர் கை பவர் பட்டனுக்குத்தான் போகும். அந்த அமைப்பை 10 என்று வையுங்கள், பத்து வினாடியில் தானாக ரீபூட் ஆகும். பேனிக்கே ஆகாமல் உறைகிறதென்றால், ஹார்ட்லாக்அப்_பேனிக்கை 1 ஆக்குங்கள், சிபியு உறைந்ததைக் கண்டால் கெர்னல் பேனிக் ஆகும். ஐபிஎம்ஐ (சர்வரைத் தொலைவிலிருந்து இயக்கும் வசதி) வழியாக ரீபூட் செய்பவர்கள், தயவுசெய்து, மின்சாரத்தை வெட்டும் "பவர் சைக்கிள்" கொடுக்காமல் "ரீசெட்" கொடுங்கள்.

இதையெல்லாம் அமைத்துவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். அதே வகை டெஸ்ட் மெஷின் ஒன்றில், சிஸ்ஆர்க்யூ டிரிக்கர் என்ற கெர்னல் கோப்பில் "சி" எழுதி வேண்டுமென்றே கவிழ்த்துப் பாருங்கள். புரொடக்‌ஷனில் வேண்டாம், அதையும் செய்தவர்கள் இருக்கிறார்கள். ரீபூட்டுக்கு அப்புறம் பிஸ்டோர் ஃபோல்டர் காலியாக இருந்தால் உடனே பதற வேண்டாம். சிஸ்டம்டி (சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் புரோகிராம்) அதில் இருந்ததை வார்-லிப் அடியில் உள்ள தன் பிஸ்டோர் ஃபோல்டருக்கு நகர்த்தியிருக்கும், அங்கே தேடுங்கள்.