மருந்து கட்டிவிட்டு வருகிறவர்களுக்கு

"ஏனுங்க டாக்டர், காமாலைக்கு இங்கிலீஷ் மருந்தே இல்லீங்களாமா?"

கோபி, தாராபுரம், பொள்ளாச்சி என்று எந்தப் பக்கமிருந்து வந்தாலும் இந்தக் கேள்வியும் கூடவே வருகிறது. போன வாரம் கேட்டவருடைய அப்பாவுக்குக் கண் மஞ்சளாகி ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது. அதுவரை கையில் சூடு, கீழாநெல்லி, உப்பில்லாப் பத்தியம். பித்தக் குழாயில் கல் அடைத்திருந்தது. குளிர் காய்ச்சல் கண்டு, ரத்தத்தில் கிருமி பரவிய பிறகுதான் கொண்டுவந்தார்கள். கல்லைப் பச்சிலை என்ன செய்யும்?

கேள்வியில் கொஞ்சம் உண்மை இருப்பதுதான் தொல்லை. அசுத்தத் தண்ணீரால் வந்து கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் ஏ கிருமிக்குத் தனி மருந்து கிடையாது. பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே சரியாகிவிடும். அந்தச் சமயத்தில் யார் எதைக் கொடுத்திருந்தாலும் பேர் அவருக்குத்தான். அந்தப் பேரை நம்பி எல்லாக் காமாலையையும் அங்கேயே கூட்டிப்போகிறார்கள். ஹெபடைடிஸ் பி-யைக் கட்டுக்குள் வைக்க மாத்திரை இருக்கிறது. சி வகையைப் பெரும்பாலும் 12 வார மாத்திரையில் குணப்படுத்திவிடலாம். குழாயில் அடைத்த கல்லை வாய்வழியாக எண்டோஸ்கோப் என்ற கேமராக் குழாயை விட்டு எடுத்துவிடலாம். குடியால் கெட்ட கல்லீரல், காசநோய் மாத்திரை ஒத்துக்கொள்ளாத கல்லீரல், கணையத்தில் வந்த புற்றுநோய், எல்லாமே வெளியே பார்த்தால் அதே மஞ்சள்தான்.

எம்.பி.பி.எஸ். முடித்து, பொது மருத்துவத்தில் 3 வருடம் எம்.டி., அதற்கு மேல் வயிறு, குடல், கல்லீரலுக்கென்று 3 வருடம் டி.எம். படிக்கிறோம். எண்டோஸ்கோப் பிடிக்கக் கை பழகுவது ஒரு பக்கம். எந்த மஞ்சள் எதனால் என்று பிரித்தறியப் பழகுவதுதான் பெரிய வேலை. மலம் என்ன நிறம் என்று கேட்டால் பலரும் முகம் சுளிக்கிறார்கள். சொல்லுங்கள் ஐயா, எங்களுக்கு அது வேண்டும். மலம் வெளுத்து, உடம்பெல்லாம் அரித்தால் முதலில் அடைப்பைத்தான் தேடுவோம்.

அப்புறம் இந்தப் பத்தியம்! கல்லீரல் சுருங்கியவருக்குப் பருப்பையும் முட்டையையும் நிறுத்தினால் இருக்கிற சதையும் கரைந்துபோகும். நிறுத்தாதீர்கள்.

கண் மஞ்சளானால் அன்றைக்கோ மறுநாளோ ரத்தப் பரிசோதனையும் வயிற்று ஸ்கேனும் செய்துவிடுங்கள். அரசு மருத்துவமனையே போதும். கர்ப்பிணி என்றால் ஒரு நாள்கூடத் தள்ளாதீர்கள். கடைசி மாதங்களில் ஹெபடைடிஸ் ஈ உயிரையே வாங்கிவிடும். பகலெல்லாம் தூங்கி இரவெல்லாம் விழித்திருந்தாலோ, பேச்சு குழறினாலோ உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஏற்கெனவே ஏதாவது நாட்டு மருந்து குடித்திருந்தால் மறைக்காதீர்கள். மீதிப் பொடியோ பாட்டிலோ இருந்தால் கையோடு எடுத்து வாருங்கள். திட்டமாட்டேன்.