கல்லாவில் வரும் பேச்சு கேமரா முன்னால் ஏன் வருவதில்லை?

மரச்செக்கு எண்ணெய்க் கடைக்கு ஒருவர் வந்து, "ஏங்க, இந்த எண்ணெயில பலகாரம் சுட்டா நுரை பொங்குதே?" என்று கேட்டால், கடைக்காரர் கைவேலையை நிறுத்தாமலே பதில் சொல்லிவிடுவார். அதே ஆளைக் கடைக்கு ஒரு வீடியோ எடுக்க ஃபோன் முன்னால் நிறுத்திப் பாருங்கள். "வணக்கம் நண்பர்களே, எங்கள் நிறுவனம் தரமான எண்ணெய் வகைகளை வழங்கி வருகிறது" என்று தொடங்குவார். குரல் தூக்கலாகும், தோள் விறைக்கும், கண் எங்கோ போகும். இதைக் கூச்சம் என்று சொல்லிவிடுகிறோம். கூச்சமும் உண்டுதான். ஆனால் பெரும்பாலும் குற்றவாளி, பேச வேண்டியதை எழுதிக் கையில் வைத்திருக்கும் தாள்.

தமிழில் எழுதும் நடை வேறு, பேசும் நடை வேறு. "வழங்கி வருகிறோம்" என்று கல்லாவில் யாரும் சொல்வதில்லை. எழுதியதை அப்படியே மனப்பாடம் செய்தவர் செய்தி வாசிக்கிறார். அதைப் பேச்சாக மாற்றிக்கொண்டே சொல்ல முயல்பவர் "இருக்கிறது"க்கும் "இருக்கு"க்கும் நடுவில் தடுக்குகிறார். வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் நிற்கும் மொழி இது. தடுக்கலும் அங்கேதான் விழும், பார்ப்பவர் காதில் கடைசியாக நிற்பதும் அதுதான்.

அதனால் முழு ஸ்கிரிப்ட் வேண்டாம். வாட்ஸ்அப்பைத் திறந்து, போன மாதம் வாடிக்கையாளர்கள் கேட்ட கேள்விகளை அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே எழுதுங்கள். "கடை எண்ணெயை விட ஏன் இவ்ளோ விலை?", "அடியில கசடு நிக்குதே, பழசா?", "எத்தனை மாசம் வெச்சுக்கலாம்?" ஒரு கேள்விக்கு ஒரு வீடியோ. கேள்விக்குக் கீழே மூன்றே துண்டுகள்: ஓர் எண், கையில் எடுத்துக் காட்ட ஒரு பொருள், முடிக்கும் வாக்கியம். விலைக் கேள்விக்கு இப்படி வரும்: ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்குச் சுமாராக இரண்டரை கிலோ பருப்பு, ஆட்டிய பிண்ணாக்கு ஒரு துண்டு, இன்றைய விலை. யூடியூப் ஷார்ட்ஸ் 2024 அக்டோபரிலிருந்து 3 நிமிடம் வரை போகலாம் என்றாலும், ஒரு கேள்விக்கான பதில் ஒன்றரை நிமிடத்தைத் தாண்டினால் அதற்குள் இரண்டாவது கேள்வி ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம்.

மனப்பாடம் செய்ய வேண்டியது முதல் வாக்கியமும் கடைசி வாக்கியமும் மட்டும். அவற்றையும் பேனாவால் உருவாக்காதீர்கள். கேள்வி கேட்டவருக்குப் பதில் அனுப்புவதாக நினைத்து வாய்ஸ் நோட் ஒன்று பதியுங்கள். வாய்ஸ் நோட்டில் யாரும் "நண்பர்களே" என்று தொடங்குவதில்லை. அதைக் கேட்டு, வாயில் வந்தபடியே எழுத்துப்பிழையோடு எழுதிக்கொள்ளுங்கள்: "நுரை ஏன் வருதுன்னா..." உங்கள் ஸ்கிரிப்ட் அவ்வளவுதான். கோயம்புத்தூர் "ஏனுங்க"வையோ திருநெல்வேலி இழுவையையோ சலவை செய்ய வேண்டாம். பொதுத் தமிழாக்கும் முயற்சியில்தான் பாதிப் பேருக்கு நாக்கு கட்டிக்கொள்கிறது.

கேள்வி கேட்க ஓர் ஆள் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. அவர் ஃபோனுக்குப் பின்னால், முகம் ஃபோனுக்குச் சற்று மேலே தெரியும்படி நிற்கட்டும். பக்கத்தில் நின்றால் உங்கள் பார்வை லென்ஸிலிருந்து விலகி, யாரோ இருவர் பேசுவதை எட்டிப் பார்ப்பது போலத் தெரியும். எடிட்டிங்கில் அவர் குரலை வெட்டிவிடுவோம் என்பதால், பதில் கேள்வியையும் சேர்த்துத் தொடங்க வேண்டும். "ஆமாங்க, அது வந்து..." என்று ஆரம்பித்தால் பார்ப்பவருக்கு எது என்றே புரியாது.

கண் விஷயத்தில் எதிரி செல்ஃபி கேமரா. திரையில் தன் முகம் தெரிந்தால் யாராக இருந்தாலும் அதைத்தான் பார்ப்பார்கள், நடுவில் முடியையும் சரி செய்வார்கள். பின்பக்கக் கேமராவில் எடுங்கள். படமும் தெளிவாக இருக்கும். தனியாக எடுக்கிறீர்கள், செல்ஃபி கேமராதான் வழி என்றால் திரையில் ஒரு தாளை ஒட்டி மறைத்துவிட்டு, லென்ஸை மறைக்காமல் அதன் ஓரத்தில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு வையுங்கள். பேச வேண்டியதைத் திரையில் ஓட விட்டுப் படிக்க வைக்கும் டெலிப்ராம்ப்டர் செயலிகளை ஆரம்பத்திலேயே தொட வேண்டாம். கருவிழி இடமும் வலமும் ஓடுவது 3 அடியில் அப்பட்டமாகத் தெரியும். வேறு வழியே இல்லையென்றால் ஃபோனை 5, 6 அடி தள்ளி வைத்து, எழுத்தை ஒடுக்கமான பத்தியாக ஓட விடுங்கள்.

லென்ஸ் கண் உயரத்தில் இருக்கட்டும். டப்பாவில் சாய்த்து மேசையில் வைத்தால் மூக்குத் துவாரமும் மின்விசிறியும்தான் படத்தில் நிற்கும். இடுப்புக்கு மேலே தெரியும்படி 4 அடி தூரம் போதும், கை படத்துக்குள் வர வேண்டும். நடுங்கும் கைக்கு வேலை கொடுத்தால் நடுக்கம் அடங்கும், பாட்டிலைப் பிடியுங்கள். ஆனால் லேபிளைக் காட்ட லென்ஸை நோக்கி நீட்டாதீர்கள். ஃபோகஸ் முகத்துக்கும் பாட்டிலுக்கும் நடுவில் அலைந்து இரண்டையும் மங்கலாக்கும். திரையில் முகத்தின் மேல் அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டிவிட்டு, லேபிளைத் தனியாக நெருக்கத்தில் எடுத்து இடையில் ஒட்டுங்கள்.

ஒலியைப் பற்றிப் பேச்சுப் பயிற்சியில் யாரும் சொல்வதில்லை. ஆனால் இயல்புத்தன்மை கெடுவதற்கு அதுவும் ஒரு காரணம். 4 அடி தள்ளி இருக்கும் ஃபோன் உங்கள் குரலோடு சேர்த்து அறையையும் பதிகிறது. அது தெரிந்தவர் கத்துகிறார், கத்தினால் மேடைப் பேச்சு வந்துவிடும். காலர் மைக்கை முகவாயிலிருந்து ஒரு சாண் கீழே குத்தினால் பக்கத்து ஆளிடம் பேசும் குரலே போதும். பட்டுப் புடவை, கஞ்சி போட்ட சட்டை, தாலிச் சங்கிலி மூன்றும் மைக்கில் உரசும். பதிவதற்கு முன் ஒரு முறை திரும்பி அசைந்து, ஹெட்ஃபோனில் கேட்டுவிடுங்கள். ஃபேனை நிறுத்துங்கள். ஃபிரிட்ஜை அணைத்தால் வண்டிச் சாவியை அதற்குள் வைத்துவிடுங்கள், வீட்டுக்குக் கிளம்பும்போது மறக்காமல் போட்டுவிடுவீர்கள். டைல்ஸ் போட்ட வெற்று அறை எதிரொலிக்கும், மூட்டை அடுக்கிய குடோன் எதிரொலிக்காது. ஃபோனை ஏரோபிளேன் மோடில் போட்டால் நடுவில் அழைப்பு வராது.

ஒளிக்கு ஜன்னலைப் பார்த்து நின்றால் போதும். டியூப்லைட்டிலோ மலிவான எல்இடியிலோ படத்தில் பட்டை ஓடினால் காரணம் இதுதான்: நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 முறை மினுக்குகிறது. கேமராவின் ப்ரோ மோடில் (அளவுகளை நாமே மாற்றும் வசதி) ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடி என்று வைத்தால் பட்டை போய்விடும்.

இனி "பாத்தீங்கன்னா". தமிழ் வீடியோக்களின் தேசிய நோய் இது. அடுத்த வார்த்தையை மூளை தேடும் நேரத்தில் வாய் சும்மா இருக்கப் பயந்து இதைப் போட்டு நிரப்புகிறது. மருந்து, வாயை மூடிக்கொள்வது. மௌனத்தை எடிட்டிங்கில் ஒரு நொடியில் வெட்டலாம். முன்னும் பின்னும் சொற்களோடு ஒட்டிக்கொண்ட "பாத்தீங்கன்னா"வை வெட்டினால் பேச்சு நொண்டும்.

தடுக்கியதும் "கட், மறுபடியும் முதல்ல இருந்து" என்று போகாதீர்கள். தொடக்கம் மட்டும் பத்து முறை மெருகேறி, முடிவு ஒவ்வொரு முறையும் களைத்துப் போகும். கேமரா ஓடட்டும். ஒரு கைதட்டு, ஒரு மூச்சு, பிறகு அந்த வாக்கியத்தின் தொடக்கத்திலிருந்து சொல்லுங்கள். கைதட்டிய இடம் எடிட்டிங் செயலியின் ஒலி வரைபடத்தில் ஊசி மாதிரி நிற்கும், தேட வேண்டியதில்லை. வெட்டிய இடத்தில் படம் குதித்தால் அந்த பாட்டில் நெருக்கக் காட்சியை அங்கே போடுங்கள்.

பதிந்த குரலைக் கேட்டு மனம் சோர வேண்டாம். நாம் பேசும்போது நம் குரல் மண்டை எலும்பு வழியாகவும் காதுக்குப் போவதால் கனமாகக் கேட்கிறது. பதிவில் அந்தக் கனம் இல்லை. மற்றவர்களுக்கு நீங்கள் எப்போதும் இப்படித்தான் கேட்டிருக்கிறீர்கள். வீடியோவை ஒரு முறை ஒலியை அணைத்துப் பாருங்கள், கை, கண், தோள் தெரியும். இன்னொரு முறை திரையைக் கவிழ்த்துவிட்டுக் கேளுங்கள், வேகமும் தடுக்கலும் தெரியும்.

பேச்சு சரளமானதும் ஓர் ஆபத்து வரும். கல்லாவில் சொல்லிப் பழகிய "சுகருக்கு நல்லதுங்க, கொலஸ்ட்ரால் கரைஞ்சிடும்" கேமராவிலும் வந்துவிடும். இணையத்தில் ஏறியதும் அது விளம்பரம். ஓர் உணவுப் பொருள் நோயைத் தடுக்கும், குணமாக்கும் என்று சொல்வதை உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 விளம்பர ஒழுங்குமுறை தடை செய்கிறது. 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 53ஆம் பிரிவின்படி தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. கீழே சின்ன எழுத்தில் "இது மருத்துவ ஆலோசனை அல்ல" என்று போட்டுத் தப்பிக்கவும் முடியாது: தவறான கூற்றைத் திருத்தும் வேலையைப் பொறுப்புத்துறப்பு செய்யக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2022 வழிகாட்டுதல் சொல்கிறது. அந்த வாக்கியம் வாயில் வந்துவிட்டால் வெட்டி எறிந்துவிட்டு, ஆட்டிய தேதியையும் பருப்பு வாங்கிய ஊரையும் சொல்லுங்கள்.