இருப்புக் கொள்ளாத நாட்கள்: முழங்கால் மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சைக்குப் பின் வீட்டில்

முழங்கால் மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர்களுக்குப் பயிற்சி கொடுக்கச் செல்லும் இயன்முறை மருத்துவர் நான். முதல் சில நாட்களில் எல்லோரும் வலியைப் பற்றித்தான் கேட்பார்கள். பத்து நாள் கழிந்ததும் பேச்சு மாறிவிடும். "உக்காந்தா எழுந்திருக்கணும் போல இருக்கு, எழுந்தா உக்காரணும் போல இருக்கு" என்பார் நோயாளி. "ஒரு நிமிஷம் சும்மா இருக்க மாட்டேங்கிறாரு டாக்டர், நீங்களாவது சொல்லுங்க" என்பார்கள் வீட்டார். இந்த இருப்புக் கொள்ளாமையைப் பொறுமையின்மை என்று எண்ணிக் கண்டிக்கும் வீடுகளே அதிகம். அது எதனால் வந்தது என்று கேட்கும் வீடுகள் குறைவு.

முதலில் உடம்பைத்தான் கேட்க வேண்டும். எழுபது வயதைத் தாண்டிய ஒருவர், வீட்டுக்கு வந்த மறுநாள் இரவு முழுவதும் கட்டிலை விட்டு இறங்க முயன்றுகொண்டே இருந்திருக்கிறார். பயத்தில் உளறுகிறார் என்று அவர் மனைவி திருநீறு பூசிப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். காலையில் நான் சென்று, சிறுநீர் கழித்தீர்களா என்று கேட்டபோது, முந்தைய நாள் மதியத்திலிருந்து சொட்டுச் சொட்டாகத்தான் போகிறது என்றார். அடிவயிறு கல் போல் இறுகியிருந்தது. புராஸ்டேட் வீக்கம் உள்ள ஆண்களுக்கு, முதுகில் போடும் மயக்க ஊசிக்குப் பிறகும் சில வலி மாத்திரைகளாலும் சிறுநீர் அடைத்துக்கொள்வது உண்டு. மருத்துவமனையில் குழாய் வைத்துச் சிறுநீரை வெளியேற்றியதும், அத்தனை நேரம் அலைக்கழிந்தவர் அங்கேயே உறங்கிவிட்டார்.

மலச்சிக்கலும் இப்படித்தான். கழிவறைக்கு நடப்பது வலிக்கிறது என்பதற்காகவே பலர் தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறார்கள். அதோடு டிராமடால் போன்ற வலி மாத்திரையும் குடலை மந்தப்படுத்த, மூன்று நாள் வயிறு போகாமல் எரிச்சலும் புழுக்கமுமாகத் தவிக்கிறார்கள். வாந்திக்காகக் கொடுக்கப்படும் மெட்டோகுளோபிரமைடு சிலருக்குக் கால்களை ஓரிடத்தில் வைக்கவே முடியாத ஒரு தவிப்பை உண்டாக்கும். "உள்ளே என்னமோ பிறாண்டுது" என்று ஓர் அம்மா சொன்னதைவிடச் சரியான வர்ணனையை நான் கேட்டதில்லை. மருத்துவரிடம் தெரிவித்தால் அவர் மாத்திரையை மாற்றிக் கொடுப்பார். பல ஆண்டுகளாகப் போட்டுவந்த தூக்க மாத்திரையோ, குடியோ, புகையிலையோ திடீரென்று நின்றுபோனாலும் உடம்பு இதேபோல் அலையும். கூச்சத்தால் இதை மறைப்பவர்கள்தான் அதிகம் துன்பப்படுகிறார்கள்.

முதியவர் ஒருவர் மாலை மயங்கும் நேரத்தில் ஆள் அடையாளம் தெரியாமல் பேசினாலோ, இல்லாத பொருளை எடுக்கக் கை நீட்டினாலோ அதை வயோதிகம் என்று விட்டுவிடக் கூடாது. நோய்த்தொற்று, உப்புச்சத்துக் குறைவு, சர்க்கரை இறங்குதல் ஆகிய எதுவும் காரணமாக இருக்கலாம் என்பதால் அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டும். கெண்டைக்கால் வீங்கி வலித்தால் இரத்தம் உறைந்திருக்கக்கூடும். நம் வீடுகளில் உடனே தைலத்தை எடுத்துவிடுவார்கள், தயவுசெய்து நீவ வேண்டாம், அதையும் அன்றே காட்டிவிடுங்கள். அத்தோடு மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ சேர்ந்தால் 108-ஐ அழைப்பதில் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

இவை எதுவும் இல்லை என்று உறுதியான பிறகே மற்றதைப் பேசலாம். மற்றதில் பெரும்பகுதி இரவுதான். முதல் ஆறு வாரங்களுக்கு உறக்கம் துண்டு துண்டாக வருவது இந்தச் சிகிச்சையில் மிகச் சாதாரணம். முட்டியின் சூடும் வீக்கமும் சில மாதங்கள் வரை நீடிக்கலாம். இரவில் தூங்காததைப் பகலில் ஈடுகட்டுவதும், மாலை ஐந்து மணிக்கு மேல் காபி குடிப்பதும் அடுத்த இரவையும் கெடுக்கும். வலி மாத்திரையைப் படுக்கும் நேரத்துக்குப் பொருந்தும்படி அமைத்துத் தருமாறு மருத்துவரைக் கேட்கலாம். படுக்குமுன் துணி சுற்றிய பனிக்கட்டிப் பையை இருபது நிமிடம் வைக்கலாம். முட்டிக்கு அடியில் தலையணை வைத்தால் இதமாகத்தான் இருக்கும், ஆனால் கால் முழுமையாக நீளாமல் மடங்கியே பழகிவிடும். தலையணை வைத்தே ஆகவேண்டும் என்றால் குதிகாலுக்கு அடியில் வையுங்கள்.

பகலில் வரும் இருப்புக் கொள்ளாமைக்கு நான் ஓய்வைப் பரிந்துரைப்பதில்லை. மணிக்கு ஒரு முறை எழுந்து, வாக்கரைப் பிடித்தபடி ஐந்து நிமிடம் கூடத்தில் நடந்து, மீண்டும் உட்கார்ந்து பாதத்தை மேலும் கீழும் அசைப்பது ஒரே நேரத்தில் அரை மணி நடப்பதைவிட நல்லது. தவிப்பில் அளவு மீறி நடந்துவிடுபவர்களும் உண்டு. நேற்றுக் காலை இருந்ததைவிட இன்று காலை முட்டி அதிகம் வீங்கியிருந்தால் நேற்று நடந்தது கூடுதல் என்று கொண்டு, இன்று குறைத்துக்கொள்ள வேண்டும்.

நாற்பது ஆண்டு அடுப்படியை ஆண்ட ஓர் அம்மாவுக்கு, மருமகள் அன்போடு எல்லா வேலையையும் எடுத்துக்கொண்டதே நோயாகிவிட்டது. கைப்பிடி உள்ள உயரமான நாற்காலி ஒன்றை அடுப்படி வாசலில் போட்டு, குதிகாலைச் சிறு முக்காலியில் தாங்கவைத்து, முருங்கைக்கீரையை அவர் மடியில் கொடுக்கச் சொன்னேன். கீரை ஆயும் நேரமெல்லாம் கால் நீட்டும் பயிற்சியும் தானாக நடந்தது; நான் சொல்லியிருந்தால் அவ்வளவு நேரம் செய்திருக்க மாட்டார்.

பார்க்க வருகிறவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கி வருவதில் தவறில்லை. கூடவே, தம் ஊரில் யாரோ பத்தாம் நாளே மாடிப்படி ஏறிய கதையைக் கொண்டுவருவதுதான் தொல்லை. அந்தக் கதையைக் கேட்ட அன்று மாலையே வாக்கரை ஓரம் வைத்துவிட்டு நடந்து பார்த்தவர்களை எனக்குத் தெரியும். ஓய்வுபெற்ற நடத்துநர் ஒருவர் இதற்கு நல்ல வழி வைத்திருந்தார். தினசரி நாட்காட்டியில் கிழித்த தாளின் பின்புறத்தில், அன்று முட்டி எத்தனை பாகை மடங்கியது, கூடத்தில் எத்தனை நடை என்று பயணச்சீட்டுக் கணக்குப் போல எழுதிக் கட்டிவைத்திருந்தார். யாராவது ஒப்பிட்டுப் பேசத் தொடங்கினால் அந்தக் கட்டை அவர்கள் கையில் கொடுத்துவிடுவார்.