கிரிட் கணினி வலையில் உங்களுக்கு இடம் கிடைப்பது எப்படி?

ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில் துகள்கள் மோதும்போது கொட்டுகிற தரவை ஒரே இடத்தில் வைத்து அலசிவிட முடியாது. அதற்காக 40-க்கும் மேற்பட்ட நாடுகளில் உள்ள சுமார் 170 கணினி மையங்களை இணைத்து ஓடுகிறது டபிள்யூ.எல்.சி.ஜி. என்ற கிரிட். இதில் கணக்கு ஓட்ட ஆய்வாளர் கையிலிருந்து காசு கட்ட வேண்டாம். ஆனால் யார் கேட்டாலும் கதவு திறக்காது.

அட்லஸ், சி.எம்.எஸ்., ஆலிஸ், எல்.எச்.சி.பி. போன்ற ஆய்வுக் கூட்டணி ஒன்றில் நீங்கள் உறுப்பினராக இருக்க வேண்டும். கிரிட் பேச்சில் இதை வி.ஓ. (வர்ச்சுவல் ஆர்கனைசேஷன், அதாவது மெய்நிகர் அமைப்பு) என்பார்கள். பொதுவாக உங்கள் பல்கலைக்கழகம் கூட்டணியில் சேர்ந்திருந்தால், அதன் வழியாக உங்கள் பெயரும் உள்ளே போகும். முனைவர் பட்ட மாணவருக்கும் இதே வழிதான். உங்கள் ஊரில் பெரிய கணினி இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

அப்புறம் டிஜிட்டல் சான்றிதழ்; கிரிட்டில் இதுதான் உங்கள் அடையாள அட்டை. அங்கீகாரம் பெற்ற சான்றளிப்பு அமைப்பு உங்கள் அடையாளத்தைச் சரிபார்த்துத் தரும். ஏறக்குறைய ஓராண்டு செல்லும். காலாவதியாகும் முன்பே புதுப்பித்துவிடுங்கள். பயன்பாட்டு விதிகளுக்கு ஒப்புதல் தருவதையும் அவ்வப்போது புதுப்பிக்கச் சொல்வார்கள். அந்த மின்னஞ்சலை ஒதுக்கிவிடாதீர்கள்.

கிரிட்டுக்கு ஒரு வேலையை, அதாவது ஓட்ட வேண்டிய கணக்கை, அனுப்பும்போது சான்றிதழை நேரடியாகக் கொடுப்பதில்லை. கடவுச்சொல்லைத் தட்டினால் 'பிராக்ஸி' என்ற தற்காலிகச் சான்று உருவாகும். வேறு எதுவும் குறிப்பிடாவிட்டால் அதன் ஆயுள் 12 மணி நேரம். இரவு எட்டு மணிக்கு உருவாக்கினால் காலை எட்டுக்கு முடிந்துவிடும். உங்கள் வேலை அதுவரை வரிசையில் காத்திருந்து, பிறகு ஓடி முடித்தாலும், தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாடு இல்லையென்றால் முடிவுகளைச் சேமிக்க முடியாமல் போகலாம். நீளமான வேலை என்றால் ஆயுளைக் கூட்டிக் கேளுங்கள். அதற்கும் கூட்டணி வைத்த உச்சவரம்பு உண்டு.

சான்றிதழ் உங்களுடையதுதான் என்று நிரூபிக்கும் ரகசியச் சாவிக் கோப்பை நீங்கள் மட்டுமே படிக்கும்படி வையுங்கள். பக்கத்து மேசை நண்பர் அவசரம் என்று கேட்டாலும் தரக்கூடாது; அதில் நடக்கும் எல்லாம் உங்கள் பெயரில்தான் பதிவாகும். கசிந்ததாகச் சந்தேகம் வந்தால் உடனே சொல்லி ரத்து செய்யுங்கள். கூட்டணியின் ஆய்வு தவிர வேறு எதற்கும், கிரிப்டோ நாணயம் தோண்டுவது உட்பட, இந்தக் கணினிகளைத் தொடக்கூடாது.

இப்போது சான்றிதழுக்குப் பதிலாக 'டோக்கன்' என்ற குறுகிய கால டிஜிட்டல் அனுமதிச் சீட்டு முறைக்குப் படிப்படியாக மாறிவருகிறார்கள். அதனால் புதிதாகச் சேர்பவர், தன் கூட்டணியில் எந்த முறை நடப்பில் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு தொடங்குவது நல்லது.