இன்வெர்ட்டர் ஏசிக்குள் ஒரு சுவிட்ச்

இன்வெர்ட்டர் ஏசி எப்படிக் கரண்ட்டை மிச்சம் பிடிக்கிறது என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். பழைய ஏசியின் கம்ப்ரசர் ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். இன்வெர்ட்டர் ஏசியில் அது தேவைக்கேற்ற வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கும்; மிச்சம் அதில்தான். அப்படி வேகத்தை மாற்ற, மின்சாரத்தை விநாடிக்கு ஆயிரக்கணக்கான முறை வெட்டி வெட்டிக் கொடுக்க வேண்டும். வெட்டுவது ஐஜிபிடி (IGBT) என்ற சிலிக்கான் சுவிட்ச்.

அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் ஜெயந்த் பாலிகா. 1948-ல் சென்னையில் பிறந்து, 1969-ல் சென்னை ஐஐடியில் பட்டம் வாங்கியவர். 1974-ல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தில் சேர்ந்தார்.

அப்போது இருந்த மாஸ்ஃபெட் (MOSFET) என்ற டிரான்சிஸ்டரும் நல்ல சுவிட்ச்தான். அதைக் கட்டுப்படுத்தும் கதவுமுனையில் சிறு மின்னழுத்தம் கொடுத்தாலே திறந்துகொள்ளும். ஆனால் அதிக வோல்ட் தாங்க, மாசு (மின்சாரம் கடத்துவதற்காக வேண்டுமென்றே சேர்க்கும் வேற்று அணுக்கள்) குறைவாகக் கலந்த தடித்த சிலிக்கான் அடுக்கு வேண்டும். அதில் எலக்ட்ரான்கள் குறைவு. தாங்கும் வோல்ட் இரட்டிப்பானால் மின்தடை ஐந்து மடங்குக்கு மேல் ஏறி, சில்லு சூடாகிவிடும்.

இங்கேதான் அந்த அழகான வேலை நடக்கிறது. ஐஜிபிடியின் அடியில் கூடுதலாக ஒரு பி-வகை அடுக்கு இருக்கும்; அதில் நேர்மின் துளைகள், அதாவது எலக்ட்ரான் இல்லாத காலி இடங்கள், நிறைய உண்டு. கதவு திறந்து எலக்ட்ரான்கள் இறங்கியதும், கீழிருந்து அந்தத் துளைகள் மேலே பொங்கி வரும். அவற்றை ஈடுகட்ட இன்னும் எலக்ட்ரான்கள் வந்து சேரும். மாசு தந்ததைப்போல் நூறு மடங்குக்கும் அதிகமான மின்னூட்டத் துகள்கள் அந்த வறண்ட அடுக்கில் நிறைய, மின்தடை சட்டென்று சரியும். அணைத்ததும் அடுக்கு மறுபடி காலியாகி, நூற்றுக்கணக்கான வோல்ட்டைத் தடுத்து நிற்கும்.

சரி, காலியாக நேரம் எடுக்குமே? எடுக்கும். துகள்கள் ஒன்றையொன்று அழித்துத் தீரும்வரை மின்னோட்டம் வால்போல நீளும். பாலிகா சில்லின் மீது எலக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சிப் படிகத்தில் வேண்டுமென்றே குறைகளை உண்டாக்கினார். அந்தக் குறைகளில் துகள்கள் சீக்கிரம் மாட்டி மறைந்தன, வால் குட்டையானது. தூய படிகத்துக்காக இத்தனை பாடுபட்டுவிட்டு, அதை அளவோடு கெடுப்பதில்தான் சில்லின் வேகம் இருக்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்பு.

1988-ல் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 2024-ல் மில்லினியம் தொழில்நுட்பப் பரிசு கிடைத்தது. சிலிக்கானைவிட எந்தப் பொருள் இதற்குப் பொருத்தம் என்று கணக்கிட 1980-களின் தொடக்கத்திலேயே அவர் ஒரு சூத்திரம் தந்திருந்தார். அது கைகாட்டிய சிலிக்கான் கார்பைடில் செய்த மாஸ்ஃபெட் சந்தைக்கு வர 2010-ஐ ஒட்டி ஆனது. நம் ஊரில் பல ஆய்வுத் திட்டங்களுக்கு மூன்று ஆண்டுதான் பணம். சில்லு ஆராய்ச்சிக்கு அது போதவே போதாது என்பது என் உறுதியான கருத்து. இன்று மின்கார்கள் பலவற்றில் பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவே இருப்பது அந்தச் சிலிக்கான் கார்பைடு சில்லுதான்.