கம்ப்ரஷன் ரேஷியோ: இறுக்க விகிதமும் நெம்புருளும்

பழைய வி8 எஞ்சினைப் பிரித்து வைத்திருப்பவர்களிடம் "கம்ப்ரஷன் எவ்வளவு?" என்று கேட்டால் ஒருவர் ஒன்பதரை என்பார், இன்னொருவர் நூற்றைம்பது என்பார். இரண்டும் சரிதான். முன்னது விகிதம், பின்னது ஸ்பார்க் பிளக் துளையில் கேஜை மாட்டி எடுத்த பிஎஸ்ஐ, அதாவது அழுத்தம். பட்டறையில் இரண்டுக்கும் ஒரே பெயர். குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

சேர்த்து அழுத்துதல் என்ற பொருள் கொண்ட லத்தீன் வினையிலிருந்து வந்தது கம்ப்ரஷன். ரேஷியோவுக்கு லத்தீனில் கணக்கு என்று பொருள். தமிழில் அமுக்க விகிதம், இறுக்க விகிதம் என்று இரண்டும் வழங்குகின்றன. இறுக்க விகிதமே நல்லது. இலங்கைப் பாடநூல்களில் அமுக்கம் என்றால் அழுத்தம் (நாம் வளிமண்டல அழுத்தம் என்பதை அங்கே வளிமண்டல அமுக்கம் என்பார்கள்). அங்குள்ளவர் அமுக்க விகிதத்தை அழுத்தங்களின் விகிதம் என்றே படிப்பார். இதுவோ கனஅளவுகளின் விகிதம்: பிஸ்டன் கீழ்முனையில் நிற்கும்போது அதற்கு மேலிருக்கும் இடத்தை, மேல்முனையில் மிஞ்சும் இடத்தால் வகுக்க வேண்டும்.

செவர்லேயின் 350 கன அங்குல வி8 எஞ்சினை எடுத்துக்கொள்வோம். போர் (சிலிண்டரின் விட்டம்) 4 அங்குலம், ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 3.48, ஒரு சிலிண்டருக்கு 716.6 சிசி. மேலே மிஞ்சுவது: ஹெட்டின் (சிலிண்டரை மேலிருந்து மூடும் பகுதியின்) எரியறை 64 சிசி, பிஸ்டன் தலையில் வால்வுக்கான பள்ளங்கள் 6, ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவிலுள்ள 0.041 அங்குல ஹெட் கேஸ்கட் 8.9, பிளாக்கின் மேல்தளத்துக்கு 0.025 அங்குலம் கீழே பிஸ்டன் நிற்பதால் 5.1. மொத்தம் 84. விகிதம் 9.5. 1970களின் பல 350களில் இருந்த 76 சிசி ஹெட்டைப் போட்டால் அதே பிளாக் 8.5க்கு இறங்கிவிடும். பிளாக்கைச் சீவிப் பிஸ்டனை மேல்தளத்துக்குச் சமமாக நிறுத்தினால், 64 சிசி ஹெட்டோடு 10.1. இப்படிச் செய்வதில் இன்னொரு லாபம் உண்டு. பிஸ்டனுக்கும் ஹெட்டின் தட்டைப் பகுதிக்கும் இடைவெளி 0.066 அங்குலத்திலிருந்து 0.041க்குக் குறைகிறது. பெட்ரோல்-காற்றுக் கலவை அங்கிருந்து பீறிட்டு எரியறையில் நன்றாகக் கலக்கும், நாக்கிங் (கலவை தானாகவே வெடித்துத் தட்டுவது) குறையும். இறுக்கத்தைக் குறைக்கிறேன் என்று தடித்த கேஸ்கட் போடுபவர்கள் இதைத்தான் இழக்கிறார்கள்.

ஆனால் 9.5 என்பது காகிதக் கணக்கு. பிஸ்டன் மேலேறத் தொடங்கிய பிறகும், கலவையை உள்ளே விடும் இன்டேக் வால்வு திறந்தே இருக்கும். அது மூடும்வரை இறுக்கமே இல்லை. எப்போது மூடும் என்று தீர்மானிப்பது கேம், தண்டோடு சுழன்று வால்வைத் தள்ளித் திறக்கும் மேடு.

கேம் என்பது டச்சு மொழியின் 'கம்' வழியாக வந்த சொல். சீப்பு, சக்கரத்தின் பல் என்று பொருள். தமிழில் நெம்புருள். நெம்புகோலில் உள்ள அதே நெம்பு, உருண்டுகொண்டே நெம்புவது. டச்சுக்காரர் பார்த்தது வடிவத்தை, தமிழ்ச்சொல் பிடித்தது வேலையை. கேம்ஷாஃப்ட் நெம்புருள் தண்டு.

கேமோடு வரும் விவர அட்டையான கேம் கார்டில் இரண்டு எண்கள் போதும்: வால்வு திறந்திருக்கும் பாகை, இன்டேக் மையக்கோடு (பிஸ்டன் மேல்முனையைக் கடந்து எத்தனை பாகையில் வால்வு முழுதாகத் திறக்கிறது என்பது). முதல் எண்ணில் பாதியோடு இரண்டாவதைக் கூட்டி 180ஐக் கழித்தால், கீழ்முனைக்கு எத்தனை பாகை கழித்து வால்வு மூடுகிறது என்று வரும். 268 பாகைக் கேம், மையக்கோடு 106 என்றால் 60. அதே மையக்கோட்டில் 292 பாகைக் கேம் என்றால் 72. 5.7 அங்குல கனெக்டிங் ராடோடு கணக்குப் போட்டால், 9.5 எஞ்சினின் மெய்யான இறுக்கம், அதாவது இயங்கு இறுக்க விகிதம், முதல் கேமில் 7.9, இரண்டாவதில் 7.2. 76 சிசி ஹெட் உள்ள 8.5 எஞ்சினில் 292ஐப் போட்டால் 6.4தான். ஐடிலில் முரட்டுச் சத்தம் கேட்கும், கார் நகராது. பிரேக் பூஸ்டருக்கு வேண்டிய வேக்குவமும் இருக்காது. மசில் கார் (பெரிய வி8 பொருத்திய அமெரிக்க வேகக் கார்) எஞ்சின்களில் அடிக்கடி நடக்கும் தவறு இதுதான்.

எதிர்த்திசைத் தவறும் உண்டு. செவர்லே 350இன் 1970 எல்டி-1 வகை எஞ்சின் 11:1. ஆக்டேன் குறைந்த பெட்ரோலுக்காக ஜெனரல் மோட்டார்ஸ் 1971இல் அதை 9:1க்கு இறக்கியது. அந்தப் பழைய 11ஐ வைத்துக்கொண்டு, வால்வு சீக்கிரம் மூடும் சாதுவான கேமைப் போட்டால் இன்றைய அமெரிக்க பிரீமியம் பெட்ரோலில் நாக் அடித்துப் பிஸ்டன் உடையும். வார்ப்பிரும்பு ஹெட்டுக்கு இயங்கு இறுக்கம் 8ஐ ஒட்டி இருந்தால் நிம்மதி. அலுமினிய ஹெட் வெப்பத்தை வேகமாகக் கடத்துவதால் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும்.

எரியறையின் அளவைக் கேட்லாக்கிலிருந்து எடுக்காதீர்கள். ஹெட்டைக் கவிழ்த்து, வால்வும் பிளக்கும் மாட்டி, விளிம்பில் கிரீஸ் தடவி, துளையிட்ட அக்ரிலிக் தகட்டை அழுத்தி, வண்ண நீரைப் பியூரெட்டிலிருந்து குமிழி தங்காமல் நிரப்பி, எத்தனை சிசி பிடித்தது என்று பாருங்கள். ஹெட் முன்பு சீவப்பட்டதாக இருந்தால் 64 என்று வாங்கியது 61 காட்டும்.

கடைசியாக அந்த நூற்றைம்பது. அதை இறுக்க அழுத்தம் என்று பிரித்துச் சொல்லலாம். பெரிய கேம் போட்ட எஞ்சினில் கேஜ் 130 காட்டினால் உடனே பிஸ்டன் ரிங் போய்விட்டது என்று பிரிக்க வேண்டாம். சிலிண்டரில் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி எடுங்கள். எண் தாவினால் ரிங். அசையாவிட்டால், எட்டு சிலிண்டரும் ஒரே அளவு காட்டுகிற பட்சத்தில், அது தாமதமாக மூடும் வால்வு.