பசிலிக்கா: சொல் விளக்கம்

ரோம் நகரத்துப் பழைய அச்சுப்படங்களின் அடிக்குறிப்பில் ஓயாமல் வரும் சொல் இது. கிரேக்கத்தில் 'பசிலியுஸ்' என்றால் அரசன். 'பசிலிக்கே' என்றால் அரசனுக்குரியது. ரோமர்கள் அதை வழக்காடவும் வணிகம் பேசவும் கூடிய பொதுக்கூடத்துக்குப் பெயராக்கினார்கள். நீண்ட நடுக்கூடம், தூண்வரிசைக்கு அப்பால் தாழ்ந்த பக்கக்கூடங்கள், பல கூடங்களில் கோடியில் நீதிபதி அமர ஓர் அரைவட்ட மாடம். 4ஆம் நூற்றாண்டில் தேவாலயம் கட்டப் புகுந்த கான்ஸ்டன்டைன் இந்த அமைப்பைத்தான் எடுத்துக்கொண்டார். ரோமக் கோயில்களில் உள்ளிடம் தெய்வச் சிலைக்கு; கூட்டம் வெளியே நின்றது. கூடத்திலோ கூட்டம் உள்ளே நிற்கலாம். நீதிபதியின் மாடத்துக்கு ஆயரின் (பிஷப்பின்) இருக்கை வந்தது.

சொல்லில் ஒட்டியிருந்த அரச மிடுக்கைப் படங்கள் பெருக்கிக் காட்டின. 1569 வாக்கில் பிரெஞ்சுச் செதுக்கோவியர் எத்தியேன் துப்பெராக், மைக்கலாஞ்சலோ வகுத்த புனித பேதுரு பசிலிக்காவைத் தரைப்படமாகவும் முகப்பாகவும் வெட்டுத்தோற்றமாகவும் செப்புத்தகட்டில் வெளியிட்டார். குவிமாடம் அப்போது எழும்பவே இல்லை. படத்தில் அது அரைக்கோளம். 1588-90இல் கட்டடக் கலைஞர் ஜாக்கோமோ தெல்லா போர்த்தா எழுப்பியதோ கூம்பி உயர்ந்தது. கட்டிமுடிந்த கட்டடத்துக்கு இந்தப் படங்களைச் சான்றாக எடுத்துக்கொண்டால் ஏமாற வேண்டியதுதான். அவை திட்டத்தைக் காட்டும் படங்கள்.

பின்னர் கட்டடக் கலைஞர் கார்லோ மதெர்னோ நடுக்கூடத்தை நீட்டி, சுமார் 115 மீட்டர் அகல முகப்பை வைத்தார். கிட்டே நின்றால் அது குவிமாடத்தை மறைக்கும். 18ஆம் நூற்றாண்டில் பிரனேசி போன்ற செதுக்கோவியர்கள் பார்வைப்புள்ளியை உயர்த்தி, சதுக்கத்தை விரித்து, மனிதர்களை எறும்பளவுக்குச் சிறுக்கியதும் குவிமாடம் முழுசாக எழுந்தது.

இன்னொன்று: தகட்டில் வரைந்தது தாளில் இடவலம் மாறி விழும். அசல் அச்சைப் பார்த்து நேராகவே தகட்டில் நகலெடுத்தவர்களின் படங்கள் தலைகீழாகவில்லை, இடவலம் திரும்பிப்போயின. முகப்பு இருபுறமும் ஒத்திருப்பதால் அதை வைத்துப் பிடிக்க முடியாது. பசிலிக்காவை நோக்கி நிற்பவருக்குத் திருத்தந்தையின் (போப்பாண்டவரின்) மாளிகை வலப்பக்கம். படத்தில் இடப்பக்கம் இருந்தால் அது திரும்பிய நகல்.

தமிழில் எப்படி எழுதுவது? கட்டட வகையைச் சொல்லும்போது 'தூண்வரிசைக் கூடம்' போதும். திருத்தந்தை வழங்கும் சிறப்புத் தகுதி என்றால், கத்தோலிக்க வழக்கிலுள்ள 'பேராலயம்' சரி. கதீட்ரலுக்கும் அதையே போடுவதுதான் குழப்பம். கதீட்ரல் ஆயரின் இருக்கை உள்ள கோயில். அதை 'மறைமாவட்டத் தலைமைக் கோவில்' எனப் பிரித்து எழுதலாம். ரோம் ஆயரான திருத்தந்தையின் தலைமைக் கோவில் ரோமிலேயே உள்ள இன்னொரு பேராலயமான லாத்தரன்தான். புனித பேதுரு பேராலயத்தின் படத்துக்குக் கீழே 'தலைமைக் கோவில்' என்று எழுதினால் பிழை.